உன் வகுப்பை நிறுத்தியவள்

ஜோயல், நீ ஊரையே நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்துகிறவன். இதை மட்டும் உட்கார்ந்து படி. நேரில் சொல்லலாம் என்றுதான் மூன்று சனிக்கிழமை காத்திருந்தேன். நீ பள்ளிக்கரணையிலிருந்து பைக்கில் வந்து இறங்குவாய், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே "அம்மா, பசி" என்பாய், சோறு போடுகிற சாக்கு எனக்குக் கிடைத்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவேன். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்று பேசியே பிழைத்தவளுக்கு, பெற்ற பிள்ளையிடம் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நீ படித்து முடித்த பிறகு அப்பாவும் படிக்கட்டும், வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் ரிட்டயர் ஆன பள்ளிக்கூடத்தில் போன மாதம், ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நீ இரண்டு பீரியட் பேசுவதாக இருந்தது. வளர்கிற வயதில் உடம்பில் என்னென்ன மாறும், ஆண் பெண் உறவு என்றால் என்ன, எது பாதுகாப்பு, எந்த நோய் எப்படி வரும், யாராவது தப்பாகத் தொட்டால் யாரிடம் சொல்வது என்று பெரும்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுக்கிற அதே பாடம். பேசி முடித்து, நாள் குறித்து, கடைசியில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஒரு கடிதம் வந்தது உனக்கு. அந்தச் சனிக்கிழமை நீ தட்டைப் பார்த்தபடியே, "யாரோ ஒரு பேரன்ட் கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்கம்மா. போகட்டும்" என்றாய். நான், "விடுடா, ஜனங்க அப்படித்தான்" என்று சொல்லி உன் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தேன். யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணவில்லை, ஜோயல். உன் வகுப்பை நிறுத்தச் சொன்னது நான்தான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஹெலனை உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பா திறந்தவள். அவள்தான் போன் பண்ணினாள். "அக்கா, உங்க ஜோயல் புரோகிராம் விஷயமா ரெண்டு மூணு பேரன்ட்ஸ் யோசிக்கறாங்க. நீங்க இங்க முப்பது வருஷம் பயாலஜி எடுத்தவங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு 'சரி'. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கு ஹெலன் இப்போ? படிக்கிற வயசு. காலேஜ் போனா தானா தெரிஞ்சுக்குவாங்க. பெத்த பையன்கறதுக்காக நான் சரின்னு சொல்ல முடியாது பாரு." தராசு பிடித்த நீதிபதி மாதிரி சொன்னேன். அவளும், "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்று போனை வைத்துவிட்டாள். நான் போய் அரிசி களைந்தேன்.

ஒழுக்கம், பண்பாடு, சபையில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி ஏதாவது இருந்திருந்தால் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். எனக்கு உன்மேல் பொறாமை. தாய்க்குப் பிள்ளைமேல் பொறாமை வருமா என்று கேட்பாய். வரும். வயிற்றில் அமிலம் சுரக்கிற மாதிரி, சாப்பிட்டாலும் வரும், சாப்பிடாவிட்டாலும் வரும்.

அது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். உன் அப்பாவிடம்தான். மறைமலை நகர் கம்பெனியில் பர்ச்சேஸ் செக்ஷன் நாற்காலியில் உட்கார்ந்தவர், ரிட்டயர் ஆன பிறகும் கான்ட்ராக்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சுகர் வந்து பன்னிரண்டு வருஷம். 'கொஞ்சம் நடங்களேன்' என்று நான் சொல்லாத நாள் கிடையாது. "காலைல ட்ரெயினைப் பிடிக்க ஓடறேனே, அது உன் கணக்குல வராதா?" என்பார். அப்புறம் நீ வேலை செய்கிற சுகாதாரத் திட்டம் அதே கம்பெனிக்குள் நுழைந்தது. மணிக்கு ஒரு தரம் எழுந்து நில்லுங்கள், போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள், சாப்பிட்டதும் கேன்டீனிலிருந்து மெயின் கேட் வரை இரண்டு சுற்று, செக்ஷனுக்குச் செக்ஷன் போட்டி என்று நீ கிளப்பிவிட்டாய். இப்போது அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் போனைப் பார்த்து, "இன்னும் எண்ணூறு அடி பாக்கி" என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடக்கிறார். "ஸ்டோர்ஸ்காரன் முந்திட்டான்டி" என்று கவலைப்படுகிறார். சுகர் இறங்கியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷம் நான் கரடியாய்க் கத்தியது காதில் ஏறவில்லை, நீ ஒரு மத்தியானம் சொன்னது ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "நம்ம ஜோயல் சொன்னான்" என்று மார்தட்டிக்கொள்கிறார். அவர் என் காலடியில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது, தோசைக் கரண்டியைத் தூக்கி எறியலாமா என்று எனக்கு இருக்கும்.

ஆனாலும் அது சின்ன எரிச்சல். பெரும்பாக்கத்தில் நடந்ததுதான் என்னை நிஜமாகவே சுட்டது. நீ கூப்பிட்டாய் என்று ஒரு சாயங்காலம் வந்தேனே. குடியிருப்பின் சமுதாயக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐம்பது அறுபது பிள்ளைகள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வகுப்பை வெளியிலிருந்து பார்க்கிற வேலை எனக்குத் தெரியும், எத்தனையோ பயிற்சி ஆசிரியைகளை அப்படி உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். உனக்கும் போடலாம் என்றுதான் வந்தேன். நீ நின்ற விதம் சரியில்லை, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பேசினாய், போர்டில் எழுதியது கோணலாகப் போனது. ஆனால் ஒரு பையன் எழுந்தான். "சார், தாம்பரம் ஸ்டேஷனாண்ட நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்கோ. வயசுல தப்பு பண்ணா நரம்பு பூடும், கல்யாணமே கட்டிக்க முடியாதுன்னு போட்டுக்கீது. மெய்யாலுமா சார்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "இல்லப்பா. அது வியாதியே இல்ல. பயம் காட்டி மருந்து விக்கறாங்க. உன் வயசுல எனக்கும் இதே பயம் இருந்துச்சு" என்றாய்.

நீ தொடர்ந்து சொன்னாய். "எங்க தெருவுல ஒரு நர்ஸ் அக்கா இருக்காங்க. என்னை உட்கார வச்சு பத்து நிமிஷம் பேசினாங்க. அவங்க மட்டும் இல்லன்னா நான் இன்னிக்கு இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்." முன்வரிசையில் ஒரு பெண், "சூப்பர் அக்கா சார் அவங்கோ" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். எதிர் வீட்டு ஸ்டெல்லாவுக்கு, அவள் அங்கே இல்லாமலேயே, கைதட்டல். உன் அம்மா ஒரு பயாலஜி டீச்சர் என்பதும், அவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் உன் வாயில் வரவில்லை. அது வராததில் உன் தப்பு எதுவும் இல்லை. திரும்பி வரும்போது மேடவாக்கம் வரைக்கும் உன் முதுகைப் பார்த்தபடி பைக்கில் உட்கார்ந்து வந்தேன். ஸ்டெல்லாமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் கிழியும்.

ஏனென்றால் அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது, ஜோயல். அதை நான் கைநழுவ விட்டேன். நீ பிளஸ் டூ படித்த வருஷம். தாம்பரம் மேற்கில் ஒரு லாட்ஜ் அறைக்கு மாதம் இரண்டு தடவை வருகிற ஒரு வைத்தியனிடம் நீ போனதும், லேகியம் வாங்கி வந்து பேன்ட் மடிப்புக்குள் ஒளித்து வைத்ததும் எனக்குத் தெரியாது என்றுதான் இந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். பீரோவைச் சுத்தம் செய்தபோது அந்த டப்பா என் கையில் வந்தது. மேலே ஒட்டியிருந்ததைப் படித்தேன். ஒரு நொடியில் புரிந்தது. நீ ஏன் ராத்திரி சாப்பிடுவதில்லை, ஏன் கிரிக்கெட்டுக்குப் போவதை நிறுத்தினாய், ஏன் மாதத் தேர்வில் மார்க் விழுந்தது, எல்லாம் புரிந்தது. 'உனக்கு ஒன்றுமில்லைடா கண்ணா, இது எல்லாப் பையன்களுக்கும் உள்ளதுதான்' என்று ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்கிற படிப்பு எனக்கு இருந்தது. நான் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து, பேன்ட்டை அதே மாதிரி மடித்து, பீரோவை மூடினேன்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், அவருக்குச் சொல்லத் தெரியாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பிறகு எட்டு மாதம். உன் முகம் ஒட்டி, கண் உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நீ என் பக்கத்தில் நின்று பாடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்காக ஜெபம் பண்ணினேன். கண்ணை மூடிப் பேச முடிந்தது, கண்ணைத் திறந்து பேச முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் நீ ஸ்டெல்லா வீட்டிலிருந்து வெளியே வந்தாய். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்று பெரிய மூச்சு விட்டாய். அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே, என் பிள்ளையை அவள் எப்படிச் சாப்பிட வைத்தாள் என்று வயிறு எரிந்தது. அதன் பிறகு அவள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்புகிற கேக்கில் எப்போதும் ஏதாவது குறை சொல்லியிருக்கிறேன். முட்டை வாடை என்றிருக்கிறேன், அடி தீய்ந்திருக்கிறது என்றிருக்கிறேன். நல்ல கேக்தான் அது.

உன்னிடம் மட்டும் நான் அப்படி நடந்தேன் என்றால்கூட மன்னிக்கலாம். வகுப்பிலும் அப்படித்தான் நடந்தேன். பத்தாம் வகுப்பில் மனித இனப்பெருக்கப் பாடம் வரும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பூவின் மகரந்தச் சேர்க்கையை இரண்டு வாரம் இழுப்பேன், செம்பருத்தியைக் கொண்டுபோய் அறுத்துக் காட்டுவேன். மனித உடம்பு வந்ததும் போர்டில் படத்தை மட்டும் அழகாகப் போட்டு, பாகங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவேன். பெயர்களை வாயால் படிக்க மாட்டேன். "மூணாம் நம்பர் என்ன செய்யும்னு பக்கம் நூத்திப் பத்துல இருக்கு, வீட்ல படிச்சுக்கோங்க" என்பேன். பிள்ளைகளும் எண்ணை வைத்தே மனப்பாடம் செய்து பரீட்சையில் பெயரை எழுதிவிடும். ஒரு வருஷமும் என் பாடத்தில் யாரும் ஃபெயில் ஆனதில்லை, பொன்னாடைகூடப் போர்த்தியிருக்கிறார்கள். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "மிஸ், அஞ்சாம் நம்பர்ல வலி இருந்துட்டே இருந்தா யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டாள். மற்ற பெண்கள் டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். நான், "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன வலி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது புரிகிறதா, ஏன் ஹெலனிடம் வேண்டாம் என்றேன் என்று? அதே வகுப்பறை, அதே போர்டு. நீ போய் நிற்பாய். எல்லாப் பெயரையும் சத்தமாகச் சொல்வாய். பிள்ளைகள் கை தூக்கும். முப்பத்தொரு வருஷத்தில் எனக்காக உயராத கைகள், இரண்டு பீரியடில் உனக்காக உயரும். அப்புறம் யாராவது ஒரு பழைய டீச்சர், "உங்கம்மா கூட இதைச் சொல்லித் தரலப்பா" என்று சொல்லாமலா விடுவாள்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தோல்விக்கு நீ சாட்சியாக வந்து நிற்பதைவிட, அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன். எழுதும்போது இன்னும் கேவலமாகத் தெரிகிறது.

நீ சாப்பிட்டுப் போன அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெலன் அறையில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அது பொறாமைல சொன்னது" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யார் மேலக்கா?" என்றாள். "ஜோயல் மேலதான்." அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் அப்பவே கேட்டிருக்கணும். நீங்க வேண்டாம்னதும் எனக்கும் நிம்மதியாதான் இருந்துச்சு" என்றாள். பெற்றோர் கூட்டத்தில் நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை பேசினேன். ஒரு அப்பா எழுந்து, "டீச்சர், என் பெரிய பொண்ணுக்கு நீங்கதான் பயாலஜி எடுத்தீங்க. அப்ப இதெல்லாம் நீங்க சொல்லித் தரலியே, அவ நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்டார். "நல்லாருக்காளான்னு நான் கேட்டதே இல்ல சார். நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கோபமாகவா, யோசித்துக்கொண்டா என்று தெரியவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வருகிற வியாழக்கிழமை மூன்றாவது, நான்காவது பீரியட் உன்னுடையது. ஹெலன் நாளைக்கு உனக்கு முறைப்படி கடிதம் அனுப்புவாள். அதில் என் பெயர் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை.

வகுப்பு எடுத்தவள் என்கிற உரிமையில் சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள். பாக்கெட்டிலிருந்து கையை எடு. கைதட்டல் வருகிற இடத்தில் கொஞ்சம் சந்தேகப்படு, கைதட்டுகிற பிள்ளைக்குக் கேள்வி இருக்காது, தலை குனிந்திருக்கிற பிள்ளைக்குத்தான் இருக்கும். மணி அடித்ததும் கிளம்பிவிடாதே, வராந்தாவில் கால் மணி நேரம் சும்மா நில். பெண் பிள்ளைகள் உன்னிடம் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள் என்று நம்பாதே, நீ எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒரு ஆண். ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு போ. யாரை என்று நான் சொல்ல வேண்டுமா? சரி, சொல்கிறேன். ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போ. இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது.

என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். வியாழக்கிழமை அந்த இரண்டு பீரியடும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வயிறு எரிந்துகொண்டுதான் இருப்பேன். பெரும்பாக்கத்துப் பையன் உன்னிடம் சொல்கிறான். அப்பாவின் கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவர், மனைவியிடம் சொல்லாததை உன்னிடம் சொன்னாராம், அப்பா பெருமையாகச் சொன்னார். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் உன்னிடம் வந்து மனதைத் திறக்கிறார்கள். நீ மனதைத் திறக்க எதிர் வீட்டுக்குப் போனாய். இதில் எனக்கு எங்கே இடம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்கு இன்று காலையில் ஒரு பதில் கிடைத்தது.

ஜோயல், எனக்கு மாதவிடாய் நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த மூன்று மாதமாக மறுபடியும் ரத்தம் போகிறது. முதலில் கொஞ்சமாக இருந்தது, இப்போது அடிக்கடி வருகிறது. இந்த வயதில் அது வரக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே துணியைத் துவைத்துக் காயப்போட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. இன்று காலை ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடலாம் என்று தெருவைத் தாண்டி அவள் கேட் வரைக்கும் போனேன். அவள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, "வாங்கக்கா" என்று சிரித்தாள். நான் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அவளிடம் சொன்னால் இதிலும் அவள்தான் முதல் ஆளாகிவிடுவாள். இந்த ஒன்றிலாவது முதலில் தெரிந்துகொள்கிறவன் என் பிள்ளையாக இருக்கட்டும்.

படித்ததும் போன் பண்ணாதே. கிளம்பி வா, என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. வழியில் எப்போதிலிருந்து, எவ்வளவு, வலி உண்டா என்று நீ எல்லாரிடமும் கேட்கிற மாதிரி என்னிடமும் கேள். நான் பதில் சொல்கிறேன்.

அம்மா